புரதத்துக்கு மேப் போட்ட ஜி.என்.ராமச்சந்திரன்... கடைசிக் காலத்தில் வந்த பார்க்கின்சன்!

மாரண்டஹள்ளியில் ஒரு டீக்கடை பெஞ்ச். பெரியவர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மடியில் சும்மா கிடக்கிற வலது கை நடுங்குது. டீ கிளாஸை எடுக்கும்போது நடுக்கம் குறையுது. வயசாயிடுச்சு, அவ்வளவுதான் என்று நாம கடந்து போயிடுவோம். ஆனால் கை ஓய்வில் இருக்கும்போது வருகிற நடுக்கம், பார்க்கின்சன் நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று.

இந்த நோயோடு தன் கடைசிக் காலத்தைக் கழித்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன். புரதங்களைப் படிப்பதிலேயே பெரும்பகுதி வாழ்நாளைச் செலவழித்தவர். பார்க்கின்சனோ, செல்லுக்குள் புரதக் குப்பை சேர்வதோடு தொடர்புடைய நோய்!

யார் இந்த ஜி.என்.ஆர்?

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சேர்ந்தது என்னவோ எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். மனசு இயற்பியலில் இருந்ததால் சி.வி.ராமனின் துறைக்கு மாறிவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு டாக்டர் பட்டம்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானபோது வயசு 29 தான். இன்றைக்கு அந்த வயசில் நம்மில் பலர் அப்ரைசலுக்குக் காத்திருக்கிறோம்!

கங்காரு வாலும் கிரிக்கும்

அப்போது சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் அது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாகப் போச்சு. கங்காரு வாலின் தசைநார் வரை எடுத்து எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். கொலாஜன், மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதில் ஒரு குறை சொன்னார்கள். இவருடைய மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பதுதான் அது. மூன்று இழை என்கிற அடிப்படை நிலைத்தது. நுணுக்கத்தில் அவர்கள் சொன்னதுதான் பிறகு ஏற்கப்பட்டது.

ஆனால் ஜி.என்.ஆர். அதோடு விட்டுவிடவில்லை. அப்படியானால் அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியை அவரே கையில் எடுத்தார். என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் திருப்பமே இந்த இடம்தான். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பும். எல்லாத் திருப்பமும் சாத்தியமில்லை, அணுக்கள் முட்டிக்கொள்ளும். எது முடியும், எது முடியாது என்று சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் கணக்குப் போட்டு 1963-ல் ஒரே படமாகக் கொடுத்தார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

1971-ல் பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அதே ஆண்டு, ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து சி.டி. ஸ்கேன் படங்களைச் சுலபமாக உருவாக்கும் கணித முறையையும் வெளியிட்டார். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் மட்டும் வரவே இல்லை.

சரி, பார்க்கின் என்றால் என்ன?

செல்லுக்குள் பழுதான புரதங்களைக் கழிக்க ஒரு ஏற்பாடு உண்டு. தூக்கிப்போட வேண்டிய புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை 'டேக்' மாதிரி ஒட்டுவார்கள். டேக் இருந்தால் புரோட்டியாசோம் என்ற அரவை மெஷின் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். டேக் ஒட்டுகிற வேலையாட்களில் ஒன்றை உருவாக்குவதுதான் பார்க்கின் மரபணு. இது கெட்டுப்போனால் இளவயதிலேயே பார்க்கின்சன் வரலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 1998-ல் கண்டுபிடித்தார்கள். அதன் வேலை டேக் ஒட்டுவதுதான் என்பது 2000-ல் தெரிந்தது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்கு அடையாளம் போடுவதும் இதுதான்.

ஒரு விஷயம் கவனிக்கணும். வயதானவர்களுக்கு வருகிற பார்க்கின்சனில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மரபணு காரணமில்லை. ஜி.என்.ஆருக்கு இதனால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. நோயை முழுசாகக் குணப்படுத்த இன்னும் வழியில்லை. ஆனால் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்க மருந்து இருக்கு. அதனால் வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால் நரம்பியல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

1998-ல் மனைவி ராஜலட்சுமி இறந்தது அவரை ரொம்பவே உடைத்துப் போட்டது. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார். பார்க்கின் புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 2013-ல் வெளியானது. புதிதாக வருகிற எந்தப் புரத அமைப்பையும் போல, அதைச் சரிபார்க்கவும் தேவைப்பட்டது அவருடைய அந்த மேப்தான்.