ஜோஷ் கிப்சன்: கறுப்பின ஏடுகள் காத்த சாதனை

அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றின் மிக உயர்ந்த மட்டையடிச் சராசரி ஜோஷ் கிப்சனுடையது. ஆனால் அந்நாட்டின் முதன்மை லீக்குகளில் அவர் ஒருநாளும் ஆட அனுமதிக்கப்படவில்லை.

1911-இல் ஜார்ஜியாவில் பிறந்த கிப்சன், தந்தை எஃகு ஆலைத் தொழிலாளியாக வேலை செய்த பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தார். கறுப்பினத்தவரை விலக்க முதன்மை லீக்குகளுக்கு எழுதிய விதி தேவைப்படவில்லை. அணி உரிமையாளர்களின் மறைமுக உடன்பாடே போதுமானதாக இருந்தது. ஆகவே, கறுப்பின மக்களுக்கெனத் தனியே உருவான லீக்குகளில் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிகளுக்காக அவர் ஆடினார். அவரைப் புகழ்ந்தோரும் கறுப்பு பேப் ரூத் என்றே அழைத்தனர். புகழிலும் ஒரு வெள்ளையரின் பெயரே முன்நின்றது.

1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் கிப்சன் மறைந்தார். மூன்றே மாதங்களில் ஜாக்கி ராபின்சன் அத்தடையை உடைத்து முதன்மை லீக்கில் களமிறங்கினார்.

2024-இல் கறுப்பின லீக்குகளின் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. கிப்சனின் .372, டை காபின் .367-ஐ முந்தியது. ஆய்வாளர்கள் அக்கணக்கை மீட்டது, பெரிதும் பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பின இதழ்கள் அன்றே அச்சிட்ட ஆட்டக் குறிப்புகளிலிருந்துதான். ஆதிக்கம் பதிய மறுத்ததை ஒடுக்கப்பட்டோர் தாமே பதிந்துவைத்தனர். 77 ஆண்டுகளுக்குப் பின் அதுவே சான்றாயிற்று.