உலகத்துக்கே பிளேடு போட்டவர்



தலைப்பைப் பார்த்ததும், நம்ம விடுதியில் யாரைப் பற்றியோ எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் ஆறும்வரை அறுக்கிற நண்பர்கள் எல்லா விடுதியிலும் உண்டு. இது அவர்கள் கதை இல்லை. நிஜமாகவே பிளேடு போட்ட ஒருவரின் கதை. அவர் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்றதும் ராஜ பரம்பரை என்று எண்ண வேண்டாம். பாதி வாழ்க்கையை ஊர் ஊராகப் பெட்டி தூக்கிக் கழித்த விற்பனைப் பிரதிநிதி அவர்.

இவரைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததே ஒரு சின்னக் காயத்தால்தான். இரண்டாம் ஆண்டில் உலோகவியல் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. விடுமுறைக்கு ஊருக்குப் போனவன், இனி கல்லூரிப் பக்கமே வரக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் அப்பா என்னைப் பார்த்து, என்னடா இது தாடியும் கீடியும்னு கேட்டுவிட்டு, அவருடைய பழைய ரேசரை எடுத்துக் கையில் கொடுத்தார். இருபுறமும் கூர் உள்ள பிளேடு போடும் கனமான இரும்பு ரேசர். அதுவரை நான் பிளாஸ்டிக் ரேசரைத்தான் பயன்படுத்தியவன். அது மாதிரிதானே இதுவும் என்று அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். தாடையில் ரத்தம்.

அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். கோணம் என்று வந்துவிட்டால் விடமாட்டார். படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்துக் காயத்தில் தேய்த்துவிட்டு, பாடத்தை ஆரம்பித்தார். முதலில் வெந்நீரில் முகத்தைக் கழுவு. பிரஷ்ஷால் நன்றாக நுரை எழுப்பு. ரேசரின் மூடியைக் கன்னத்தில் படுக்க வை, பிறகு கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கு. விளிம்பு எங்கே தோலைத் தொடுகிறதோ அதுதான் கோணம், ஏறக்குறைய 30 டிகிரி. முடி வளர்ந்த திசையிலேயே, சின்னச் சின்ன இழுப்பாகப் போ. இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடி. முக்கியமா, அழுத்தவே அழுத்தாதே, ரேசரோட கனமே போதும்னார்.

அடுத்த பக்கக் கன்னம் காயமில்லாமல் முடிந்தது. அப்போதுதான் அப்பா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். காகிதம் மாதிரி வளைகிற இந்தத் தகட்டில் இவ்வளவு கடினத்தை எப்படிடா ஏத்துறாங்க, நீ டிப்ளமோ படிக்கிறியே, சொல்லேன்னார். எனக்கு வாய் வரவில்லை. அரியர் விழுந்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. விடுமுறை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போனேன். அங்கே கிடைத்தவர்தான் ஜில்லெட்.

1855 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். பிறகு குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. 1871 அக்டோபரில் அந்த நகரத்தையே விழுங்கிய பெருந்தீயில் அவருடைய தந்தையின் வியாபாரம் சாம்பலாகிப் போனது. பையனுக்கு அப்போது வயது 16. மேற்கொண்டு படிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரும்புச் சாமான் கடை வேலைக்குப் போனார், பிறகு ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி ஆனார்.

கை சும்மா இருக்காது அவருக்கு. குழாய், வால்வு என்று எதையாவது திருத்திக்கொண்டே இருப்பார். காப்புரிமைகூட வாங்கினார். ஆனால் பெரிய பணம் ஒன்றும் வரவில்லை. இடையே எழுத்திலும் இறங்கினார். 1894-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிலில் போட்டி என்பதே கூடாது, எல்லா உற்பத்தியும் மக்கள் எல்லோருக்கும் சொந்தமான ஒரே நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும், நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தில் இயங்கும் ஒரே மாநகரில் ஆறு கோடிப் பேர் வாழ வேண்டும் என்பது அவர் கனவு. பகலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்காரர்களிடம் சரக்கு விற்கிறார், ராத்திரியில் விற்பனைப் போட்டியே இல்லாத உலகத்தைப் பற்றி எழுதுகிறார்! விசித்திரமான மனிதர்தான்.

அந்தச் சமயத்தில் அவர் வேலை பார்த்தது வில்லியம் பெயின்டர் என்பவரின் நிறுவனத்தில். சோடா பாட்டிலின் வாயைக் கவ்விப் பிடிக்கும் வளைந்த தகர மூடி இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் இந்தப் பெயின்டர்தான். 1892-ல் காப்புரிமை பெற்றார். ஒரு தடவை திறந்தால் மூடியை எறிந்துவிட வேண்டியதுதான், அடுத்த பாட்டிலுக்குப் புது மூடி வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும்படி, வாங்கியவன் திரும்பத் திரும்ப வரும்படி ஒரு பொருளைக் கண்டுபிடி என்று பெயின்டர் ஜில்லெட்டுக்கு யோசனை சொன்னார். அதன்பிறகு ஜில்லெட்டுக்குத் தூக்கமில்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும், இதைத் தூக்கி எறிய முடியுமா என்றே பார்த்தார்.

1895-ல் ஒரு காலை. பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் தன் வீட்டில் சவரம் செய்ய நின்றார். அந்தக் காலத்துச் சவரக் கத்தி நம்ம ஊர் சலூன்களில் முன்பு இருந்த மடக்குக் கத்தி மாதிரிதான். தினமும் தோல் வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணை பிடிக்கவும் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கத்தி மழுங்கிப் போயிருந்தது. வாரில் தீட்டித் தீராது, சாணைக்குத்தான் போக வேண்டும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு ஒன்று உறைத்தது. வெட்டுவது விளிம்பு மட்டும்தானே, அதைத் தாங்க இத்தனை கனத்த இரும்பு எதற்கு? மெல்லிய தகட்டின் இரண்டு ஓரத்தையும் கூராக்கி, ஒரு பிடியில் இறுக்கி, மழுங்கியதும் எறிந்துவிட்டால் என்ன? வெளியூர் போயிருந்த மனைவிக்கு, நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று உடனே கடிதம் எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயது 40.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தோலை வெட்டாத பாதுகாப்பு ரேசர் அவருக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் 1880-லேயே ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் அதிலும் இருந்தது கனத்த கத்தித் துண்டுதான், அதையும் தீட்டித்தான் ஆக வேண்டும். ஜில்லெட்டின் புதுமை பிளேடில்தான் இருந்தது.

நல்ல காலம் அவர் நினைத்த வேகத்தில் வரவில்லை. தகட்டை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர் ஏற்ற முடியாது என்று கை தேர்ந்த கொல்லர்கள் சொன்னார்கள். எம்.ஐ.டி.யின் உலோகவியல் நிபுணர்களும் அதையேதான் சொன்னார்கள், விட்டுவிடச் சொன்னார்கள். நண்பர்கள் மத்தியில் அது ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு வருடம் இப்படியே ஓடிற்று.

அந்த நிபுணர்கள் சொன்னது வீண் பேச்சு இல்லை, நண்பர்களே. நம்ம ஹீட் ட்ரீட்மென்ட் ஆய்வகத்தில் இதை நானே பார்த்தேன். எஃகைச் சிவக்கச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். கூடவே நொறுங்கும் தன்மையும் வரும், அதைத் தணிக்க மறுபடி அளவாகச் சூடாக்க வேண்டும். தடித்த துண்டு இதைத் தாங்கும். மெல்லிய தகட்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் எண்ணெயில் பொரிந்த அப்பளம் மாதிரி கோணிக்கொள்ளும். கோணிய தகட்டில் நேரான விளிம்பை எங்கே தீட்டுவது? இன்றைய பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அப்பா கேட்ட கேள்வியின் கனம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

1901-ல் கதைக்குள் இன்னொருவர் வருகிறார். வில்லியம் எமெரி நிக்கர்சன். முடியாது என்று சொன்ன அதே எம்.ஐ.டி.யில் படித்து வந்தவர், இயந்திரங்கள் வடிவமைப்பதில் கெட்டிக்காரர். அவரும் முதலில் தயங்கினார். யோசித்துப் பார்த்துவிட்டு, செய்யலாம் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. தகட்டைக் கோணாமல் கடினமாக்கவும் ஒரே சீராகக் கூர் தீட்டவும் தேவையான இயந்திரங்களை நிக்கர்சன் ஒவ்வொன்றாக உருவாக்கினார். மெல்லிய பிளேடு வெட்டும்போது ஆடாமல் இருக்க வேண்டுமே? மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வைத்துத் திருகினால் பிளேடு வில் போல வளைந்து விறைத்துக்கொள்ளும். அட்டையை வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கிறதே, அதே தத்துவம்தான். அடுத்த முறை ரேசரைத் திருகும்போது கவனித்துப் பாருங்கள்.

1903-ல் விற்பனை தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் விற்றது எத்தனை தெரியுமா? 51 ரேசர், 168 பிளேடு. நம்ம விடுதியின் ஒரு மாடிக்கே பற்றாது! ஜில்லெட்டுக்கு வயது 48. ரேசரின் விலை 5 டாலர், அன்றைய தொழிலாளிக்கு அது லேசான தொகை இல்லை. ஆனால் 1904-ல் 90 ஆயிரத்துக்கும் அதிகமான ரேசர்கள் விற்றன, பிளேடு லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு நவம்பர் 15-ல் காப்புரிமையும் கிடைத்தது. பிளேடு உறையில் அவர் படத்தை அச்சிட்டார்கள். உலகம் முழுவதும் அந்த முகம் தெரிந்த முகமானது. வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் சவரம் செய்ய வழி காட்டியவரின் முகத்தில் அடர்ந்த மீசை!

முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களும் 3 கோடிக்கு மேல் பிளேடுகளும் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு போனார்கள். வீட்டிலேயே தினமும் சவரம் என்பது சாதாரண வழக்கமானது.

பணம் கொட்டியும் ஜில்லெட் பழைய கனவை விடவில்லை. உலகத்துக்கே பொதுவான ஒரு நிறுவனத்துக்குத் திட்டம் போட்டு, 1910-ல் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டை அதற்குத் தலைமை தாங்கக் கேட்டார், பத்து லட்சம் டாலர் தருவதாகவும் சொன்னார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். இதற்கிடையே கம்பெனிக்குள் அதிகாரப் போட்டி வந்தது. தன் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டு, பேருக்குத் தலைவராக 1931 வரை இருந்தார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்து, தொடர்ந்து பொருளாதார மந்தம் வந்தபோது சேர்த்த சொத்தில் பெரும்பாலும் கரைந்தது. 1932 ஜூலை 9-ல் கலிபோர்னியாவில் காலமானார். போட்டியே வேண்டாம் என்று எழுதியவருக்குப் புகழ் தந்தது போட்டிச் சந்தை. தூக்கி எறியும் பொருளைக் கொடுத்தவரின் கையில் கடைசியில் செல்வமும் தங்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தொழில்நுட்பம் முறையாகப் படித்திருந்தால் இதை நான் எப்போதோ கைவிட்டிருப்பேன் என்று ஜில்லெட் பின்னாளில் சொன்னதாகப் படித்தேன். அரியர் வைத்திருந்த எனக்கு அது இனித்தது. பார்த்தாயா, படிப்பே வேண்டாம் என்று மனசு துள்ளியது. இரண்டு நாள் அதையே சொல்லித் திரிந்தேன். பிறகுதான் உறைத்தது. படிக்காதவர் துணிந்தார், சரி. ஆனால் அந்த ஆறு வருடமும் அவர் கையில் இருந்தது யோசனை மட்டும்தானே? பிளேடாக ஆக்கியது நிக்கர்சனின் படிப்பு அல்லவா? முடியாது என்று சொன்னதும் உலோகவியல், முடித்துக் காட்டியதும் உலோகவியல். உறையில் ஒருவர் முகம்தான் இருந்தது, உள்ளே இருந்த பிளேடில் இன்னொருவர் உழைப்பு இருந்தது.

நம்மில் பலர் நாளை நிக்கர்சனாகத்தான் இருக்கப் போகிறோம். யாரோ கண்ட கனவுக்கு ஜிக் செய்வோம், டை செய்வோம், டிகிரி கணக்கில் கோணம் பிடிப்போம். உறையில் நம் படம் வராது. வராவிட்டால் போகட்டும். நாம் இல்லாவிட்டால் உறைக்குள் பொருளே இருக்காது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

அந்தத் தாளை மூன்றாவது முறை எழுதித் தேறினேன். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், அது பார்டர்தான். அடுத்த விடுமுறையில் அப்பாவை உட்கார வைத்து, சூடாக்குவது, குளிர்விப்பது, மறுபடி தணிப்பது என்று பிளேடின் கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், கோணாம எடுத்தானே, அவன்தான்டா வேலைக்காரன்னார். அந்த ரேசரையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

இவ்வளவு நேரம் அறுத்ததற்கு மன்னியுங்கள். தலைப்பிலேயே எச்சரித்துவிட்டேன் அல்லவா?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்