குழாய்க்குள் கணக்குப் பார்த்த வைத்தியர்

என் இதயக் குழாய் ஒன்று சுருங்கியிருப்பதை வைத்தியர் படத்தில் காட்டியபோது, பாதி அடைப்பென்றால் பாதி இரத்தம் ஓடும்தானே என்று கணக்காளன் புத்தியில் நினைத்தேன். அந்தக் கணக்கு பிழை என்று 180 வருடங்களுக்கு முன்பே காட்டியவர் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜோன் லெயோனார் மரி புவாசேய்.

1797இல் பாரிஸில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 1815இல் எக்கோல் பொலிடெக்னிக்கில் சேர்ந்து கணிதமும் பௌதிகமும் கற்றார். அடுத்த ஆண்டே அரசு அந்தக் கல்லூரியை மூடி, மாணவர்களை வெளியேற்றியது. படிப்பு நடுவழியில் நிற்பது என்னவென்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் மருத்துவத்துக்கு மாறினார். ஆனால் பௌதிகத்தைக் கைவிடவில்லை.

1828இல், பட்ட ஆய்வுக்காக, இரசம் நிரப்பிய வளைகுழாயை விலங்குகளின் நாடியில் இணைத்து இரத்த அழுத்தத்தை அளந்தார். இன்றும் நாங்கள் அழுத்தத்தை இரசத்தின் மில்லிமீற்றரில்தான் சொல்கிறோம்.

பிறகு, நுண்ணிய குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இரத்தம் உறைந்துவிடும் என்பதால், தலைமயிர் அளவு மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு, அழுத்தம், நீளம், விட்டம், வெப்பநிலை ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி அளந்தார். 1840 அளவில் முடிவு வெளிவந்தது. அழுத்தம் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு. நீளம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதி. ஆனால் விட்டம் பாதியானால் ஓட்டம் 16இல் 1 பங்கு! ஜேர்மன் பொறியியலாளர் ஹாகன் 1839இல் தனியாக இதையே கண்டிருந்ததால், விதிக்கு இருவர் பெயரும் உண்டு.

திரவத்தின் பிசுக்குமையும் முக்கியம். பிசுக்குமை இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதியாகும். இரத்தம் நீரைவிட ஏறத்தாழ 3, 4 மடங்கு பிசுக்கானது. நீரே 0 பாகையில், 20 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு பிசுக்கானது.

உயிருள்ள நாடி விரியும், சுருங்கும். இரத்தம் துடித்துத் துடித்துப் பாயும். அதனால் இந்த விதி உடலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சிறு சுருக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்பதை அது எனக்குப் புரியவைத்தது. மருந்தை ஒழுங்காக எடுக்கிறேன்.

புவாசேய் பிற்காலத்தில் பாடசாலைச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து, 1869இல் பாரிஸிலேயே காலமானார். பிசுக்குமையின் அலகான புவாஸ் அவர் பெயரைத்தான் தாங்குகிறது. மூடிய கல்லூரியால் அவர் கற்றதை மூட முடியவில்லை.