பரங்கிமலையில் விழுந்த சங்கிலி: பூமியை அளந்த வில்லியம் லாம்டன்

சேரி மனையானாலும் பஞ்சமி நிலமானாலும், தகராறு என்று தாலுகா அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது சர்வே எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு புலப்படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் சங்கிலி பிடித்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டை அறிவியல் முறையில், பிழைக்குக் கணக்கு வைத்து அளக்கும் பெரும் பணி தொடங்கிய இடம் நமக்கு வெகு தூரமில்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே உள்ள சமவெளியில், 1802 ஏப்ரல் 10 அன்று முதல் சங்கிலி தரையில் விழுந்தது. இன்று அந்த நாளைத் தேசிய சர்வே நாள் என்று கொண்டாடுகிறார்கள். சங்கிலியைப் போட வைத்தவர் வில்லியம் லாம்டன்.

இந்தப் பகுதியில் நாம் அயோத்திதாசரையும், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனையும் பற்றி எழுதுவதே பொருத்தம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி நம் மக்களுக்கு என்ன உறவு என்ற கேள்வி நியாயமானது. உறவு நேரடியானதல்ல. ஆனால் இருக்கிறது.

லாம்டன் 1753 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், நார்த்தலர்டன் அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பையனின் கணக்குத் திறமையைக் கண்ட அக்கம்பக்கத்தார் உதவியால்தான் படிப்பு நடந்தது. சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியரிடம் அவர் பயின்றதாகச் சொல்வார்கள். இந்த ஹட்டன் யார் என்று நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் தானே சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டியவர். பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலை ஒரு தூக்குக்குண்டைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்ற அளவை வைத்துக்கொண்டு, பூமி முழுவதின் அடர்த்தியையே கணக்கிட்டுச் சொன்னார். குழியில் கரி வெட்டிய கை பூமியை எடை போட்டது. பரம்பரை அறிவு என்று ஒன்று இருப்பதாக இன்னும் சொல்லித் திரிபவர்கள் இருப்பதால் இதை இங்கே எழுதிவைக்கிறோம்.

லாம்டன் பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். வட அமெரிக்காவின் நியூ பிரன்சுவிக்கில் பல ஆண்டுகள் ராணுவக் குடியிருப்பு மேலாளர் வேலை. சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண்ணில் பார்வை கெட்டதும் அங்கேதான் என்பார்கள். சத்தமில்லாத, பதவி உயர்வைப் பற்றி அலட்டிக்கொள்ளாத மனிதர். கிடைத்த நேரமெல்லாம் கணிதப் புத்தகம். இந்தியாவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது.

1799இல் திப்பு சுல்தான் மீதான கடைசிப் போர். ஓர் இரவு ஜெனரல் பெயர்டு தன் படையை வடக்கே நடத்திச் செல்வதாக நினைத்துக்கொண்டு நடந்தார். பக்கத்தில் வந்த லாம்டன் வானத்தைப் பார்த்துவிட்டு, நாம் தெற்கே எதிரி முகாமுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார். ஜெனரல் நம்பவில்லை. விளக்கைக் கொளுத்தித் திசைகாட்டியைப் பார்த்தபோதுதான் நட்சத்திரம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

மைசூர் விழுந்தது. பிடித்த நாட்டை ஆளவும் படை நடத்தவும் கம்பெனிக்கு வரைபடம் தேவைப்பட்டது. அந்தச் சமயம் பார்த்து லாம்டன் ஒரு திட்டத்தைக் கொடுத்தார். தென்னிந்தியாவைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்களால் பின்னி அளக்க வேண்டும். கூடவே, இந்தப் பூமி சரியான உருண்டையா, துருவங்களில் தட்டையா, தட்டை என்றால் எவ்வளவு என்பதற்கும் விடை காண வேண்டும். கம்பெனிக்கு முதலாவது வேண்டும். அவருக்கு இரண்டாவது வேண்டும். அதிகாரத்தின் பையிலிருந்து அறிவியலுக்குப் பணம் எடுத்த கதை இது.

முக்கோணத்தால் அளப்பது பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களை அளக்காமலே கணக்கிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆறும் காடும் குறுக்கே கிடந்தாலும் கவலையில்லை. கண்ணுக்கு எட்டினால் போதும். ஆனால் முதல் பக்கத்தை மட்டும் தரையில் கையால் அளந்தே ஆக வேண்டும். அதில் விழும் பிழை எல்லா முக்கோணத்திலும் பெருகிக்கொண்டே போகும். அந்த முதல் பக்கத்துக்குத்தான் பரங்கிமலை–பெரும்பாக்கம் சமவெளியைத் தேர்ந்தெடுத்தார்.

நீளம் சுமார் 40,000 அடி, அதாவது ஏழரை மைலுக்குச் சற்று மேல். அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளக் கம்பிகள் நாற்பதைக் கோத்துச் செய்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய் அங்கே விலைபோகாமல் இந்தியாவுக்கு வந்த சங்கிலி அது. அதை அப்படியே தரையில் இழுத்தால் மேடுபள்ளம் கணக்கைக் கெடுக்கும். ஆகவே முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை நேர்மட்டத்தில் வரிசையாக வைத்து, அதனுள் சங்கிலியைக் கிடத்தி, இறுக்கி, முனையைக் குறித்து, பிறகு எல்லாவற்றையும் தூக்கி முன்னே வைத்து மறுபடி முதலிலிருந்து. இப்படி ஏறத்தாழ 400 முறை, சித்திரை வெயிலில்.

வெயில்தான் பெரிய எதிரி. எஃகு சூட்டில் நீளும். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 அடி எஃகுச் சங்கிலி ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீளும். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் மூன்றரை மில்லிமீட்டர். அற்பம் என்று தோன்றும். 400 சங்கிலிக்குக் கூட்டினால் நாலரை அடி! அதனால் பெட்டிக்குள் வெப்பமானி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு எல்லா நீளத்தையும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்தினார்கள். பிழை இல்லாத அளவு கிடையாது, பிழை எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த அளவே அளவு என்பதை அன்றைக்கே செயலில் காட்டினார் லாம்டன்.

கோணம் அளக்க வேண்டிய பெரிய தியோடலைட் லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. அரை டன் எடை, மூன்றடி விட்டமுள்ள வட்டத் தகடு. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய்விட்டார்கள். இது அறிவியலுக்கான கருவி என்று அறிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். பிறகு மாமல்லபுரம் கடற்கரை கிழக்கே கிடக்க, நம் செங்கல்பட்டுச் சீமையைக் கடந்து கடலூர்ப் பக்கம் வரை முக்கோணங்கள் தெற்கே இறங்கின. ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேற்பட்ட அட்சரேகை தூரத்தை அளந்து, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு எத்தனை அடி என்று சொன்னார். பெரிய முக்கோணங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. பூமி வளைந்திருப்பதால் மூன்று கோணங்களின் கூட்டல் 180 டிகிரியைச் சிறிது தாண்டும். சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு டிகிரியின் 3600இல் ஒரு பங்கு அளவே அந்த மிகுதி. அதையும் விடாமல் கணக்கில் சேர்த்தார்.

பெங்களூர் அருகே 1804இல் இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளந்து சரிபார்த்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் கையால் அளந்த நீளத்துக்கும் ஏழு மைலில் நான்கு அங்குலம்கூட வித்தியாசமில்லை. மேற்குக் கரையைத் தொட்டபோது பழைய வரைபடங்களின் மானம் போயிற்று. 400 மைல் என்று போட்டிருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான்.

கம்பெனியின் நிதிக்குழுவில் ஒருவருக்கு இந்தச் செலவு பிடிக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்டனின் படம் எதற்கு என்று கேட்டார். கேலியாகச் சொன்னதுதான். ஆனாலும் அதில் ஓர் உண்மை அவருக்குத் தெரியாமலே வந்து விழுந்துவிட்டது. நாட்டின் பாதையெல்லாம் சுமப்பவர்களின் காலில் இருந்தது.

அரை டன் கருவி தானாக மலை ஏறவில்லை. பெட்டி சுமந்தவர்கள், குன்றின் மேல் கொடி பிடித்து நாள் கணக்கில் நின்றவர்கள், காடு வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் என்று ஒரு கூட்டமே பின்னால் இருந்தது. அச்சான அறிக்கைகளில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இவர்கள் லஸ்கர்கள், கூலிகள். அந்தக் காலத்துச் சென்னைப் படையில், குறிப்பாகப் பாதை போட்டுப் பாலம் கட்டிய பயனீர் பிரிவில், பறையர் குல மக்கள் பெருமளவில் இருந்தார்கள் என்பது வரலாறு.

மலையில்லாத சோழநாட்டில் கோயில் கோபுரங்களே மேடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டத் தகடு நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, கைவினைஞர்களுடன் ஆறு வாரம் தட்டித் தட்டி அதை நேராக்கினார். மனந்தளராத மனிதர் என்று இதைப் புகழ்வார்கள். நாமும் புகழ்கிறோம். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கம்பெனியின் இரும்பும் பித்தளையும் விமானத்தின் உச்சிக்குப் போன அந்தக் காலத்தில் நம் மக்களால் வாசலைத் தாண்ட முடியாது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் பிறக்க 1939 ஆக வேண்டியிருந்தது.

லாம்டன் ஓய்வெடுக்கவில்லை. குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஒரே நேர்கோட்டில் அளந்துகொண்டே போனார். 1,65,000 சதுர மைலுக்கு மேல் அவர் காலத்தில் முக்கோணத்துக்குள் வந்தது. 1817இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1818இல் இந்தப் பணிக்கு மகா முக்கோணவியல் அளவை என்று பெயர் வந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராகச் சேர்ந்தார். 1823 ஜனவரி 20 அன்று, நாக்பூர் நோக்கிய பயணத்தில், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் எழுபது வயது லாம்டன் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். உதவியாளரின் பெயர் மலைக்குப் போயிற்று. அந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்ட வங்காளி ராதாநாத் சிக்தரின் பெயரும், தொடங்கிவைத்தவரின் பெயரும் பின்னுக்குப் போயின.

லாம்டன் யாருடைய வயலையும் அளக்கவில்லை. வயல் வயலாக அளந்து எண் போட்ட சர்வே சென்னை மாகாணத்தில் 1858இல்தான் தொடங்கியது. அதற்கு வெகுமுன்பே, 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்ற அதிகாரி செங்கல்பட்டு ஜாகிரின் ஊர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்திருந்தார். ஆக, நம் ஜில்லாவைப் போல அடிக்கடி அளக்கப்பட்ட சீமை குறைவு. அளந்தும் என்ன? நிலம் மிராசுதார் கையில், உழைப்பு நம் கையில். புறம்போக்குக்குத் தர்க்காஸ்து போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. இதையெல்லாம் 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்தே 1892 செப்டம்பர் 30 அரசாணையில் பஞ்சமி நிலம் பிறந்தது. அதைத் திரும்பக் கேட்டதற்காக, மாமல்லபுரத்தை அடுத்த காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். லாம்டனின் முதல் கோடு முடிந்த பெரும்பாக்கத்தில் இன்று, சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிகளில் இருக்கின்றன.

சங்கிலிக் கணக்கு நம் வீட்டுக்கும் வரும். ஊர் சர்வேயின் பழைய சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒன்று ஒரு சென்ட், 435.6 சதுர அடி. சங்கிலி ஒரே ஒரு கண்ணி நீண்டு தளர்ந்திருந்தாலும் பரப்பில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும். ஐந்து ஏக்கரில் பத்து சென்ட் காகிதத்தில் காணாமல் போகும்.

உங்கள் குடும்பத்து நிலத்தின் புலப்பட நகலைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கலாம். அதில் புலம் குறுக்குக் கோடுகளால் முக்கோணம் முக்கோணமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் நீளம் எழுதியிருக்கும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் போட்டிருக்கும் பரப்போடு ஒப்பிடுங்கள். புதிய பதிவேடுகளில் ஹெக்டேர் கணக்கு இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடும் கணக்கு இது. தொகை பொருந்தாவிட்டால், மறு அளவைக்கு மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.