கரையை விட்டு எழாத தாய்



ஜவளகிரி, தளி, ஓசூர்ப் பக்கம் வளரும் நம் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததில்லை. அய்யா வைகுண்டரின் வரலாற்றை அவர்களுக்குக் கடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

தென் திருவிதாங்கூரில் பூவண்டன்தோப்பில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் 1809-ல் மகன் பிறந்தார். முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட குடியில் இப்படியொரு பெயரா என்று மேல்சாதியார் மறுக்கவே, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைக்கு ஆசையாய் வைத்த பெயரைக்கூடத் தாய் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த காலம்! முத்துக்குட்டி பனையேறிப் பிழைத்தார்.

வாலிப வயதில் கடும் பிணி வந்து, நடக்கவும் முடியாமல் போயிற்று. 1833 மாசியில் திருச்செந்தூர் திருவிழாவுக்குப் போன உறவினர்களோடு, வெயிலாளும் மகனைத் தொட்டில் கட்டிச் சுமக்கவைத்துக் கொண்டுபோனாள். வழியில் இளைப்பாறிச் சாப்பிட்டபின், நடக்க முடியாதிருந்தவர் தாமே எழுந்து நடந்தார். திருச்செந்தூர்க் கடலுக்குள் இறங்கி மறைந்தார்.

உறவினர் தேடினார்கள், கிடைக்கவில்லை. இனி வரமாட்டான் என்று ஊர் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடல் கொண்டதை யார் திரும்பக் கண்டார்கள்? வெயிலாள் மட்டும் எழவில்லை. தேடுவதற்கு வேறு இடமில்லை, அதனால் அவனைத் தொலைத்த இடத்திலேயே இருந்தாள். பகல் போயிற்று, இரவு போயிற்று. மறுநாளும் அலைதான் வந்தது. அழுதபடி அங்கேயே இருந்தாள்.

மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20, அவர் கடலிலிருந்து வந்தார். அணைக்க ஓடிய தாயிடம், தாம் இனி அவள் மகன் இல்லை, நாராயணரின் மகன் வைகுண்டர் என்று அறிவித்தார். அகிலத்திரட்டு அம்மானை வாசிப்பில் இந்த இடம் வரும்போது தாய்மாருக்குக் கண் கலங்குவது இதனால்தான். காத்திருந்தவளுக்கு மகனாக அவர் திரும்பவில்லை.

அய்யா தெட்சணம் நோக்கி நடந்து பூவண்டன்தோப்பில் தவமிருந்தார். ஆறடிக் குழிக்குள் 2 ஆண்டு, தரையில் 2 ஆண்டு, மேடையில் 2 ஆண்டு. சாதி பாராமல் மக்கள் கூடினார்கள். அது பொறாத திருவிதாங்கூர் அரசு சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தது. தம் சாதியாரோடு மட்டும் இருப்பதாக எழுதிக் கொடுக்கச் சொன்னதற்கு அய்யா இணங்கவில்லை. விடுதலையான பின் வாகைப்பதியில் துவையல் தவசு நடந்தது, முத்திரிக் கிணற்றில் எல்லாரும் ஒன்றாய் நீராடினார்கள். முடி என்ற பெயரே பறிபோனவர், பின்னாளில் ஆண்மக்கள் எல்லாருக்கும் தலைப்பாகை கட்டவைத்தார். 1851 வைகாசி 21-ல் வைகுண்டம் ஏகினார்.

மாசி 20-க்கு சுவாமித்தோப்பு போகிற குடும்பங்கள் திருச்செந்தூர் அவதாரப்பதிக்கும் போய்வாருங்கள். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் மணலில் உட்காரவையுங்கள். வெயிலாள் இருந்த கரை அது.