தளபதி வுல்பும் தட்டையடி வள்ளமும்

கியூபெக் நகரின் மேட்டுநிலத்திலே 1759ஆம் ஆண்டு நிகழ்ந்த போரினைச் சரித்திர மாணவர் நன்கறிவர். ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் வுல்ப், பிரெஞ்சுத் தளபதி மொன்காம் ஆகிய இருவரும் அப்போரிலே படுகாயமுற்று உயிர்நீத்தனர். ஆயினும், வுல்பின் படையை அம்மேட்டின் அடிவாரத்திற் கொண்டுபோய்ச் சேர்த்த வள்ளங்களை நினைப்பார் மிகச் சிலரே. அவ்வள்ளங்களை விடுத்து வுல்பின் வாழ்க்கையை முழுமையாக விளங்கிக்கொள்ளல் இயலாது.

வுல்ப் 1727ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திலுள்ள வெஸ்ரர்ஹாம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் படை அதிகாரி. 1740ஆம் ஆண்டு, பதின்மூன்றே வயதில், தென்னமெரிக்கக் கரையிலுள்ள கார்த்தஜினாவை நோக்கிப் புறப்பட்ட படையிலே தந்தையாருடன் சேர்ந்தார். கப்பல் புறப்படுமுன்னரே நோயுற்றுக் கரைக்கு அனுப்பப்பட்டார். அந்நோயே அவரைக் காத்தது எனலாம். அங்கு சென்றவருட் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். பதினாறாம் வயதில் டெற்றிங்கன் போரையும், பத்தொன்பதாம் வயதிற் கலோடன் போரையும் கண்டார். மெலிந்த உடல், ஓயாத பிணி. கப்பலேறினாற் கடல்நோய் அவரை வாட்டி வதைக்கும். அத்தகையவரின் புகழ் கடல்வழித் தரையிறக்கத்தினால் விளைந்தமை விந்தையே.

1757ஆம் ஆண்டு பிரான்சின் றோஷ்போர் துறைமுகத்தைத் தாக்க ஒரு பெரும்படை சென்றது. வுல்பும் அதில் ஓர் அதிகாரி. தளபதிகள் கூடிக்கூடி ஆலோசித்தனரேயன்றிக் கரையேறத் துணியவில்லை. இறுதியில் ஓரிரவு வீரர்கள் கப்பற் படகுகளில் ஏறி மணிக்கணக்காகக் காத்திருந்தனர். கரையிலிருந்து எதிர்க்காற்று வீசியது, கட்டளை மீளப்பெறப்பட்டது, படை வெறுங்கையோடு திரும்பியது. அத்தோல்வி குறித்து விசாரணை நடந்தபோது வுல்பும் சாட்சியமளித்தார். தரையிறங்கும் இடத்தை முன்கூட்டியே ஆராய்தல், காலம் தாழ்த்தாமை, கடற்படையும் தரைப்படையும் ஒருமனப்படுதல் ஆகியவற்றை அவர் இங்கேதான் கற்றார்.

வேறொரு குறையும் அப்போது வெளிப்பட்டது. கப்பற் படகுகள் மாலுமிகளின் தேவைக்கென அமைந்தவை. அவை அளவால் வேறுபட்டவை, அடிப்பாகம் ஆழமானவை, சிலரையே சுமப்பவை. ஆதலால் வீரர்கள் கூட்டமாகவன்றிச் சிதறியே கரைசேர நேர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே ஆங்கிலக் கடற்படை இதற்கெனத் தனிவகை வள்ளத்தைக் கட்டுவித்தது. பெரியவை ஏறக்குறைய 36 அடி நீளமும் 20 துடுப்புகளும் கொண்டவை. மாலுமிகள் இருபுறமும் இருந்து துடுப்பு வலிக்க, 50 வீரர்களளவில் நடுவே அமர்ந்திருப்பர். அடி தட்டையாதலால் ஆழமற்ற நீரிலும் கரையை அணுகும். 1758 ஜூன் மாதத்திலே பிரான்சின் கான்கால் விரிகுடாவிற் படையிறக்க இவை பயன்பட்டன.

அதே மாதம் 8ஆம் திகதி வுல்ப் வட அமெரிக்காவின் லூயிஸ்பேர்க் கோட்டைக்கருகே கரையிறங்க முயன்றார். அலைகள் படகுகளைப் பாறைகளில் மோதின. எதிரியின் குண்டுகள் மழையெனப் பொழிந்தன. பின்வாங்குமாறு அவர் சைகை காட்டிய வேளையிற் சில படகுகள் பாறை மறைவில் ஓர் ஒதுக்கிடத்தைக் கண்டன என்பர். உடனே ஏனைய படகுகளையும் அங்கே செலுத்தினார். ஜூலை 26ஆம் திகதி கோட்டை பணிந்தது.

1759ஆம் ஆண்டு கியூபெக் படையெடுப்புக்கு அவரே தலைவரானார். ஜூலை 31ஆம் திகதி மொன்மொறென்சி அருவிக்கருகே தாக்கினார். வள்ளங்கள் நீரில் மறைந்திருந்த பாறைத்திட்டிலே தட்டி நின்றன, நேரம் வீணாயிற்று. ஏறத்தாழ 440 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். வள்ளம் எத்துணைச் சிறந்ததாயினும் நீரின் ஆழத்தை அறியாதவருக்கு அது உதவாது. அக்கோடையில் ஆற்றோரக் கிராமங்களை எரிக்கவும் அவர் ஆணையிட்டார். வீரத்தைப் போற்றுவோர் இக்களங்கத்தை மறைத்தலாகாது.

செப்டெம்பர் 13ஆம் திகதி, விடியற்கு முன், 1,700 பேரளவிலான வீரரைத் தாங்கிய வள்ளங்கள் வற்றுநீரின் ஓட்டத்தோடு சென் லோறன்ஸ் நதியில் ஓசையின்றி இறங்கின. அன்றிரவு உணவுத் தோணிகள் வருமெனப் பிரெஞ்சுக் காவலர் எதிர்பார்த்திருந்தனர். அப்பயணம் கைவிடப்பட்டதை அவர்கள் அறியார். காவலர் அதட்டியபோது பிரெஞ்சு அறிந்த ஓர் அதிகாரி மறுமொழி கூறினார். ஓட்டம் வள்ளங்களைக் குறித்த இடத்துக்குச் சற்று அப்பால் இழுத்துச் சென்றது. எனினும் வீரர்கள் செங்குத்தான சரிவிலே தொற்றி ஏறினர். வெறுமையான வள்ளங்கள் உடனே திரும்பிச் சென்று எஞ்சிய படையை ஏற்றிவந்தன. காலையில் 4,000க்கு மேற்பட்டோர் மேட்டில் அணிவகுத்து நின்றனர். போர் விரைவில் முடிந்தது. மும்முறை குண்டு பாய்ந்த வுல்ப், வெற்றிச் செய்தி கேட்டபின் களத்திலேயே உயிர்துறந்தார். அப்போது வயது 32. மறுநாள் மொன்காமும் மாண்டார். 18ஆம் திகதி நகரம் பணிந்தது.

வுல்பின் உடல் கிறினிச்சிலே அடக்கஞ் செய்யப்பட்டது. தட்டையடி வள்ளமோ 1776இல் நியூயோர்க்கிலும், 1801இல் எகிப்தின் அபூக்கிரிலும் படைகளைக் கரைசேர்த்தது. றோஷ்போரின் பின்வாங்கலும் மொன்மொறென்சியின் இழப்பும் இல்லையேல் செப்டெம்பர் இரவின் ஒழுங்கு பிறந்திராது. தோற்ற இடத்தைத் திரும்பி நோக்கும் துணிவே வுல்பிடத்து நாம் கற்கத்தக்கது. அதற்கு அவர் கொடுத்த விலையையும், பிறரைக் கொடுக்கச் செய்த விலையையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.