மணப்பட்டாணியை வளர்த்த மனிதர்

சிலர் தாம் எழுதிய நூலினால் நினைக்கப்படுகின்றனர். சிலர் தாம் கட்டிய மாளிகையினால் நினைக்கப்படுகின்றனர். ஹென்றி எக்போர்ட் என்ற தோட்டக்காரர் ஒரு பூவினால் நினைக்கப்படுகிறார்.

அந்தப் பூவை ஆங்கிலத்தில் 'ஸ்வீட் பீ' என்பார்கள். மணப்பட்டாணி என்று நாம் அழைக்கலாம். அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. வேலியோரத்து அகத்திப்பூவையும் பந்தலில் ஏறும் பயற்றங்கொடியின் பூவையும் உற்றுப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் புதிதாக இராது. கொடிபோல நிமிர்ந்து நிற்கும் மேலிதழ் ஒன்று, சிறகுபோலப் பக்க இதழ்கள் இரண்டு, தோணியின் அடிபோலக் கீழே ஒட்டியிருக்கும் இதழ்கள் இரண்டு. ஆனால் பயற்றையைப் போல இதை உண்ண முடியாது. விதையில் நச்சுத்தன்மை உண்டு. நிறத்துக்காகவும் மணத்துக்காகவுமே இதை வளர்க்கிறார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையின் வெயிலையும் மணலையும் இந்தக் கொடி தாங்காது. அதற்குக் குளிர் வேண்டும். நம் நாட்டில் டாலியாவையும் மணப்பட்டாணியையும் பார்க்க விரும்புகிறவர்கள் நுவரெலியாப் பக்கம்தான் போகவேண்டும். அப்படியிருந்தும் இந்தப் பூவின் வரலாற்றில் இலங்கைக்கு ஓர் இடம் உண்டு. 1699ஆம் ஆண்டு சிசிலித் தீவிலிருந்து குபானி என்ற துறவி இதன் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1737இல் ஒல்லாந்தரான பர்மன் வெளியிட்ட இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலிலும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு மணப்பட்டாணி இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது சிசிலி வகை, இலங்கை வகை என இரண்டாகப் பிரித்தார். ஆனால் இலங்கையின் எந்தக் காட்டிலும் இந்தக் கொடி தானாக வளர்ந்ததை எவரும் கண்டதில்லை. செடி இல்லாத நாட்டின் பெயர் செடிக்கு ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு நூறு வருடங்களுக்கு மேலாக மணப்பட்டாணியில் விரல்விட்டு எண்ணத்தக்க நிறங்களே இருந்தன. பூவும் சிறியது. அந்த நிலையை மாற்றியவர்தான் எக்போர்ட்.

அவர் 1823ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில், எடின்பரோ நகருக்கு அருகில் பிறந்தார். 1839இல், தமது பதினாறாவது வயதில், வடக்கே இன்வர்னஸ் பகுதியிலிருந்த ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலை பழகச் சேர்ந்தார். நாம் சாதாரண தரப் பரீட்சை எழுதி உயர்தரத்துக்குள் காலடி வைக்கும் வயது அது. பல்கலைக்கழகம் அவருடைய பாதையில் இருக்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறி மாறி வேலை கற்றார். 1847இல் லண்டனுக்குப் போனார். 1854இல் கோல்ஷில் என்ற இடத்தில் ரட்னர் பிரபுவின் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரரானார். அங்கே ஏறக்குறைய இருபது வருடங்கள் இருந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் மலர்க் கண்காட்சி பெரிய விடயம். ஊருக்கு ஊர் போட்டிகள் நடந்தன. மேசைகளில் வரிசையாகப் பூக்களை வைப்பார்கள். நடுவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார்கள். பூவின் அளவு என்ன, இதழ்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா, நிறம் சுத்தமாக இருக்கிறதா, தண்டு நேராக நிற்கிறதா, எங்காவது ஒரு வடு உண்டா என்றெல்லாம் கவனித்துத்தான் பரிசு கொடுப்பார்கள். மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த டாலியா அந்த மேசைகளின் அரசியாக விளங்கியது. எக்போர்ட்டும் முதலில் டாலியா, வெர்பீனா, பெலர்கோனியம் ஆகியவற்றிலேயே புதிய வகைகளை உருவாக்கிப் பெயரெடுத்தார்.

பின்னர் பூக்களில் ஆர்வமுள்ள சாங்கி என்ற வைத்தியரின் தோட்டத்துக்கு அவர் மாறினார். 1870களில்தான் மணப்பட்டாணியில் கைவைத்தார். அப்போது அவர் ஐம்பதை ஒட்டிய வயதில் இருந்தார். பெரிய மாளிகைத் தோட்டங்களில் எவரும் பெரிதாக மதிக்காத ஒரு கொடியை அந்த வயதில் அவர் தேர்ந்தெடுத்தார்.

அவர் செய்த வேலை இதுதான். மணப்பட்டாணி மொட்டாக இருக்கும்போதே தன்மகரந்தச்சேர்க்கை நடந்துவிடும். ஆகவே மொட்டு விரியுமுன் அதைப் பக்குவமாகத் திறந்து, உள்ளேயிருக்கும் பத்துக் கேசரங்களையும் அகற்றவேண்டும். வேறொரு வகைப் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து அதில் தடவவேண்டும். எந்தப் பூவை எதனுடன் கலந்தோம் என்று அடையாளம் கட்டவேண்டும். பிறகு காய் முற்றும்வரை காத்திருந்து, விதையை எடுத்து, அடுத்த பருவத்தில் விதைக்கவேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு தலைமுறைதான் கிடைக்கும். முளைத்துப் பூத்தவற்றில் பெரும்பாலானவை கழிக்கவேண்டியவையாகவே இருக்கும். நல்லதாக ஒன்று கிடைத்தாலும் அதன் பிள்ளைகள் தாயைப் போலவே வருமா என்று மேலும் சில வருடங்கள் விதைத்துப் பார்க்கவேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு உம்மம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்தது. கொடியில் நீண்டு நேராக வந்த பயற்றங்காயை அவர் கறிக்குப் பறிக்க விடமாட்டார். அதை விதைக்கு விட்டு, காய்ந்தபின் சாம்பல் கலந்து போத்தலில் போட்டுவைப்பார். நல்லதைத் தெரிந்து வைத்தால் அடுத்த போகம் நல்லதாக வரும் என்பது அவருக்குத் தெரியும். எக்போர்ட் செய்ததும் அதுதான். அதை ஒரு வாழ்நாள் முழுவதும் பொறுமையாகச் செய்தார் என்பதே வேறுபாடு.

1882ஆம் ஆண்டு அவருடைய 'புரோன்ஸ் பிரின்ஸ்' என்ற வகைக்கு அரச தோட்டக்கலைச் சங்கம் முதல்தரச் சான்றிதழ் வழங்கியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. 1888இல், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அறுபத்தைந்தாவது வயதில், ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தின் வெம் என்ற சிறிய ஊரில் சொந்தமாக விதைத்தோட்டம் தொடங்கினார். அவருடைய பூக்கள் பழையவற்றைவிடப் பெரியவை, நிறங்களும் பல. அவற்றைப் பெரும்பூ வகை என்ற பொருளில் 'கிராண்டிஃப்ளோரா' என்று அழைத்தார்கள். விதைகள் கடல் கடந்து அமெரிக்காவரை போயின.

1900ஆம் ஆண்டு, மணப்பட்டாணி இங்கிலாந்துக்கு வந்து இருநூறு வருடங்கள் நிறைந்ததைக் கொண்டாட லண்டனின் கிறிஸ்டல் பேலஸில் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே வைக்கப்பட்டவை 264 வகைகள். அவற்றில் 115 வகைகள் எக்போர்ட் என்ற ஒரே மனிதர் உருவாக்கியவை.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக்கதை. ஆனால் மறுவருடமே வேறொரு பூ மேடைக்கு வந்தது. அல்தோர்ப் மாளிகையின் தோட்டக்காரர் சைலஸ் கோல் கொண்டுவந்த 'கவுண்டஸ் ஸ்பென்சர்' அது. இதழ்கள் அகன்று, ஓரங்கள் அலையலையாக நெளிந்திருந்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள். சில வருடங்களுக்குள் போட்டி மேசைகளை அலையிதழ்ப் பூக்களே பிடித்துக்கொண்டன. எக்போர்ட்டின் நேரான இதழ்கள் பின்னுக்குப் போயின. இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் புதிய பூ பிறந்ததே எக்போர்ட் உருவாக்கிய 'பிரிமா டொனா' என்ற இளஞ்சிவப்பு வகையிலிருந்துதான். அவரை வென்ற பூவும் அவர் வளர்த்த கொடியின் பிள்ளைதான்.

1911இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை மணப்பட்டாணிப் போட்டி ஒன்றை நடத்தி, முதற்பரிசாக ஆயிரம் பவுண் அறிவித்தது. ஸ்கொட்லாந்தின் ஒரு கிராமப் போதகருடைய மனைவி அதை வென்றார். அவருடைய கணவருக்குக் கிடைத்தது மூன்றாம் பரிசு!

எக்போர்ட் தோட்டத்தில் கலப்புச் செய்துகொண்டிருந்த காலத்தில், பரம்பரை விதிகளைச் சொன்ன மெண்டலின் கட்டுரை எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்தது. அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது 1900இல்தான். ஆகவே எந்த விதியும் தெரியாமல், கண்ணையும் கையையும் நம்பியே எக்போர்ட் வேலை செய்திருக்கிறார். 1905இல் பேட்சனும் அவருடைய துணைவர்களும் இதே மணப்பட்டாணியின் பூ நிறத்தையும் மகரந்தமணியின் வடிவத்தையும் ஆராய்ந்தபோது, 9:3:3:1 என்ற விகிதம் வராததைக் கண்டார்கள். உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் பரம்பரையலகு இணைப்புக்கு அது முதற் சான்றாயிற்று. அதே 1905இல் எக்போர்ட்டுக்கு விக்டோரியா கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டது. அந்த வருட மார்கழியில், எண்பத்திரண்டாவது வயதில், அவர் காலமானார். விதைத்தோட்டத்தை மகன் ஜோன் தொடர்ந்து நடத்தினார்.

போட்டி மேசையில் நடுவர் தண்டின் நீளத்தை அளக்கலாம், பூக்களை எண்ணலாம். ஆனால் மணத்தை அளக்க ஓர் அளவுகோலை எங்கே தேடுவது? அலையிதழ்ப் பூக்கள் பரிசுகளை வென்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பழையவற்றின் மணம் இல்லை. மணத்தை விரும்புகிறவர்கள் இன்றும் எக்போர்ட்டின் பழைய வகைகளைத் தேடி வாங்கி விதைக்கிறார்கள். வெம் ஊரில் அவருடைய பெயரால் ஒரு சங்கம் இருக்கிறது; அங்கே மணப்பட்டாணிக் கண்காட்சியும் நடக்கிறது.

நாமும் ஒரு பெரிய போட்டி மேசையை நோக்கிப் போகிறவர்கள். இசட் புள்ளி என்ற அளவுகோல் நம்மை அளக்கும். அது தேவையான அளவுகோல்தான். நன்றாகப் படிக்காமல் அதைக் குறை சொல்வது நியாயமல்ல. எக்போர்ட்டும் போட்டிகளை வெறுத்தவரல்லர், அவற்றுக்காகவே உழைத்தவர். ஆனால் அந்த மேசையில் இடம் கிடைக்காத பிள்ளையைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இந்த மனிதர் தம் முதற் பெரும் சான்றிதழை மணப்பட்டாணிக்குப் பெற்றபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அதற்கு முந்திய ஒவ்வொரு பருவத்திலும் அவர் விதை போட்டுக்கொண்டுதான் இருந்தார்.